இருமத் தெரியாத எலியும் இளைப்பு மருந்தும்: கேள்வி பதில்

மதுரையில் ஒரு கல்லூரியின் ஆய்வக விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் நான். மனிதர்களின் நுரையீரல் நோய்களை விலங்குகளை வைத்து எப்படி ஆராய்கிறார்கள் என்று நம் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாநகர், பி.ஃபார்ம் மாணவி: சார், இருமல் மருந்து புராஜெக்டுக்கு எலி போதாதா? கைடு கினிப்பன்றிதான் வேண்டும் என்கிறார்.

கைடு சொல்வதைக் கேளுங்கள். சுண்டெலிக்கு நம்மைப் போல இருமத் தெரியாது. கினிப்பன்றி என்பது பன்றியில்லை, எலி வகையைச் சேர்ந்த சிறு விலங்கு. அதற்குச் சிட்ரிக் அமிலத்தையோ, மிளகாயின் காரமான கேப்சைசினையோ நுண்துளியாகக் கொடுத்தால் நன்றாகவே இருமும், எண்ணிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: நம்மைப் போலவே அதன் உடம்பிலும் வைட்டமின் சி தானாக உண்டாகாது. தீவனத்தில் அது குறைந்தால் விலங்கு நோஞ்சானாகிவிடும், உங்கள் கணக்கும் கெட்டுவிடும்.

திருமங்கலம், ஒரு தாய்: என் பையனுக்கு ஆறு வயதிலிருந்து வீசிங். எலிக்கு வீசிங் வருமா டாக்டர்? வராதென்றால் அதில் மருந்தைச் சோதித்து என்ன பயன்?

தானாக வராதம்மா. ஆஸ்துமா போன்ற நோய் இயற்கையாகவே வருவது பூனைக்கும் குதிரைக்கும். குதிரைக்குப் பெரும்பாலும் வைக்கோல் தூசியால் வரும். எலிக்கு நாம்தான் வரவழைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஊசியில் ஏற்றி, உடம்பு அதை எதிரியாக நினைக்கப் பழக்கிவிட்டு, அப்புறம் அதையே மூச்சில் கொடுப்பார்கள். மூச்சுக்குழாயில் ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் வந்து குவியும். கொடுப்பதை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் பையனுக்கு அப்படி அடங்குவதில்லை, இல்லையா? வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் எலி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. இன்டர்லூக்கின்-5 என்ற புரதத்தைத் தடுத்தால் ஈசினோபில் குறைகிறது என்று எலியில் தெரிந்தது. அதை நம்பி மெப்போலிசுமாப் என்ற மருந்து வந்தது. முதலில் ஆஸ்துமா உள்ள எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துப் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. எலி ஏமாற்றிவிட்டது என்று பேசினார்கள். 2009-ல் ஈசினோபில் அதிகமுள்ள நோயாளிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தபோது மூச்சுத்திணறல் தாக்குதல்கள் குறைந்தன. 2015-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. எலி அந்த அணுவைப் பற்றி மட்டும்தான் சொன்னது. எந்த நோயாளிக்கு என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. பையனுக்கு இப்போது இன்ஹேலரை விடாமல் கொடுங்கள், இந்த மருந்தெல்லாம் கட்டுக்கு அடங்காத சிலருக்கு மட்டும்.

ஆஸ்டின்பட்டி, ஓய்வுபெற்ற வார்டு ஊழியர்: டி.பி. காற்றில் பரவும் என்று எப்படி நிரூபித்தார்கள் ஐயா?

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்கு இழுத்து, அங்கே கூண்டில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். ரிச்சர்ட் ரைலி குழுவினர் செய்தது. நோயாளியைத் தொடாத, எச்சில் படாத விலங்குகளுக்கு டி.பி. வந்தது. புற ஊதா ஒளி பட்ட காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. வார்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்களே, அதற்குப் பின்னால் இந்தக் கினிப்பன்றிகளும் இருக்கின்றன.

ஆனால் டி.பி. மருந்துச் சோதனைக்குப் பெரும்பாலும் சுண்டெலிதான், மலிவு என்பதால். வழக்கமான சுண்டெலி இனங்களின் நுரையீரலில் மனிதருக்கு வருவதுபோல் நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி அழுகிய கட்டி உண்டாகாது. அந்தக் கட்டிக்குள் மருந்து இறங்குமா என்பதை அந்த எலி சொல்லாது.

மேலூர், குவாரித் தொழிலாளியின் மகன்: கல் தூசியால் நுரையீரல் புற்று வருமா? எலியில் சோதித்தார்களா அண்ணே?

சோதித்தார்கள் தம்பி. கல்லில் இருக்கும் சிலிக்காவின் தூசி பெரிய இன எலிகளுக்குப் புற்றைக் கொடுத்தது, எலி போன்ற இன்னொரு சிறு விலங்கான ஹாம்ஸ்டருக்குக் கொடுக்கவில்லை. எது நாம்? விடை தொழிலாளர்களிடமிருந்தே கிடைத்தது. அவர்களைப் பற்றிய ஆய்வுகளையும் பார்த்துத்தான் 1997-ல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வேலையிடத்துச் சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. இன்னொரு எலி செத்துத்தான் இதைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. தண்ணீர் ஊற்றித் துளையிடச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. அப்பாவுக்கு எக்ஸ்-ரே எடுங்கள், இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தால் டி.பி.யும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்.எஸ்.காலனி: வாயில்லா ஜீவன்களைக் கொன்று என்ன சாதித்தீர்கள்?

கோபம் நியாயம்தான். ஒன்றுக்கும் உதவாத ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் 1969-ல் நியூசிலாந்தின் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டிகள் எதிர்பாராமல் மூச்சுவிட்டதைக் கண்டார். இன்று குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அதிலிருந்து வந்தது. 2023-ல் புது மருந்துச் சோதனைக்கான இந்திய விதிகளைத் திருத்தி, சில்லு மேல் வளர்க்கும் மனித அணுக்கள் போன்ற விலங்கில்லா முறைகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். அவை போதுமான இடத்தில் விலங்கைக் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

உசிலம்பட்டி: வீட்டில் முயல் வளர்க்கிறேன். ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொள்வீர்களா?

இல்லை. பதிவுபெற்ற வளர்ப்பிடங்களில் வாங்க வேண்டும் என்பது பொது விதி. தவிர, வீட்டு முயலின் மூக்கில் பாஸ்சுரெல்லா கிருமி இருப்பது சகஜம். அந்த முயலை நுரையீரல் ஆய்வில் சேர்த்தால், தெரிவது மருந்தின் வேலையா கிருமியின் வேலையா என்று எவராலும் பிரிக்க முடியாது.