மகள் ஸ்டொப் மோஷன் படிக்கப் போகிறாளாம்: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிசின் பொம்மை ஒன்றை இம்மி இம்மியாக நகர்த்திப் போனில் படம் எடுக்கிறாள் என்றும், மூன்று நாள் மெனக்கெட்டு எடுத்தது வெறும் எட்டுச் செக்கன்தான் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனடாவிலிருக்கும் மாமா "இது விளையாட்டு, பயோ எடுக்கச் சொல்லுங்கோ" என்கிறார். உங்களுக்கோ பிள்ளையின் மனதை முறிக்கவும் விருப்பமில்லை, ஆழம் தெரியாமல் காலை விடவும் பயம்.

அந்த எட்டுச் செக்கனை அவள் முடித்தாள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம் ஓடும். உங்கள் மகளைப் போலப் பொருளை நகர்த்தி நகர்த்தி ஸ்டொப் மோஷன் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி, செக்கனுக்கு 12 படம் எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் 96 தடவை பொம்மையை நகர்த்தி, கையை விலக்கி, படம் எடுத்திருக்கிறாள். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். 96 படம் எடுத்து முடித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. இந்தத் தொழிலுக்குப் பிள்ளை பொருத்தமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. சான்றிதழும் பாடத்தெரிவும் அதற்குப் பிறகுதான்.

விளையாட்டு என்கிற மாமாவுக்கு ஒன்றிரண்டு தகவல் சொல்லுங்கள். அமெரிக்காவில் பில்ஸ்பரி கொம்பனியின் மாவுப் பொம்மை 1965இலேயே ஸ்டொப் மோஷன் விளம்பரமாகத் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. 1986இல் பீட்டர் கேப்ரியல் என்ற பாடகரின் வீடியோவுக்கு, அவரை மணிக்கணக்காகக் கண்ணாடிக்கு அடியில் படுக்கவைத்து, முகத்தைச் சுற்றிப் பொருட்களை நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தார்கள். அதில் வேலை செய்த ஆட்மன் ஸ்டூடியோவை 1972இல் தொடங்கிய இருவரும் பள்ளிக்கூட நண்பர்கள். முதலில் வீட்டுச் சமையலறை மேசையில்தான் படம் எடுத்துப் பழகினார்கள். பின்னாளில் ஒஸ்கார் வாங்கிய அந்த ஸ்டூடியோவுக்கு விளம்பர வேலை எப்போதும் ஒரு முக்கியமான வருமானமாகவே இருந்தது.

அது பிரிட்டனில் நடந்தது. கொழும்பில் முழுநீளப் பொம்மைப் படம் எடுத்து மாதச் சம்பளம் வாங்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே இருக்கும் வேலை வேறு மாதிரியானது. பிஸ்கட், தேயிலை, சவர்க்காரம், நகை, உடுப்பு, கேக் என்று சிறிதும் பெரிதுமாக விற்பவர்கள் சமூக ஊடகத்துக்குப் பத்து, பதினைந்து செக்கன் வீடியோ கேட்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் வந்தால் இன்னும் கூடக் கேட்பார்கள். நம் நாட்டுக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே ஒரு விளம்பரம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போக வேண்டும். நடிகர் பேசினால் வாயசைவு ஒட்டாது, மூன்று தடவை எடுக்கவேண்டி வரும். தேயிலைப் பக்கற்றோ பிஸ்கட்டோ தானாக ஆடி ஓடுகிற படத்துக்குக் குரலையும் எழுத்தையும் மாற்றினால் போதும்.

அந்தத் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். மேசையில் சிதறிக் கிடக்கும் தேயிலைத் தூள் மெல்ல மெல்லக் கூடி ஒரு கோப்பையின் உருவமாக வரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். அதைத் திரையில் வரும் ஒழுங்கிலேயே எடுத்தால் கை ஓய்ந்துபோகும், உருவமும் சரியாக வராது. அனுபவம் உள்ளவர் முதலில் முழுக் கோப்பையின் உருவத்தைத் தூளால் அழகாக அடுக்குவார். அதைப் படம் எடுப்பார். பிறகு ஒரு தூரிகையால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துக்கொண்டே எடுப்பார். கணினியில் வரிசையைத் தலைகீழாக்கினால் தூள் தானாகக் கூடும். யாரும் கடிக்காமலே பிஸ்கட் குறைகிறதா? அங்கே ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கூடக் கடிபட்ட பிஸ்கட்டுகள் ஒரு வரிசை தயாராக இருக்கும். படத்துக்கு ஒன்றாக மாற்றி வைப்பார்கள். அதற்கு ஒரே மாதிரியான நிறைய பிஸ்கட், சுருக்கமில்லாத நிறைய பக்கற் வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கத் தெரிவதும் தொழிலின் ஒரு பகுதி.

இப்போது மகளுக்கு. பிள்ளை, இதை நீயும் வாசி.

பொம்மையை ஒரு வாரம் தள்ளி வை. ஒரு நெருப்புப் பெட்டியையும் முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தையும் எடு. பெட்டி அந்த நீளத்தை இரண்டு செக்கனில் கடக்க வேண்டும். அதாவது 24 அசைவு. முதலில் ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் சென்ரிமீற்றர் சரிசமமாக நகர்த்தி எடு. ஓடவிட்டுப் பார்த்தால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். பிறகு இன்னொரு தடவை, 2 மில்லிமீற்றர், 3, 5, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போ. நடுவில் இரண்டு சென்ரிமீற்றர்வரை போகட்டும். முடிவை நெருங்கும்போது அதேபோல் குறைத்து வா. இந்தத் தடவை பெட்டிக்குப் பாரம் வந்திருக்கும். அதே பெட்டி, அதே நேரம், அதே தூரம். மாறியது இடைவெளி மட்டும். அனிமேஷன் என்பதில் பாதி இந்த இடைவெளிதான். கணினியில் செய்தாலும் பொம்மையில் செய்தாலும் இதே கணக்கு.

உன் எட்டுச் செக்கனில் வெளிச்சம் மினுங்கி மினுங்கி அடிக்கிறது என்று அம்மா எழுதியிருக்கிறார். போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகக் கணக்குப் போடுவதால் அது வரும். போகஸ் (படத்தின் கூர்மை), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் மாறாதபடி பூட்டிவிட்டு எடு. ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ என்ற போன் செயலியில் அதற்கு இடம் இருக்கிறது. முந்தின படத்தை மங்கலாக மேலே காட்டுவதால் எவ்வளவு நகர்த்தினாய் என்பதும் தெரியும். ஜன்னலைத் துணியால் மூடு. மேகம் ஒன்று கடந்தாலே படம் மாறிவிடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்காதே, அந்த வெளிச்சம் பொருளின்மேல் தெறிக்கும். கறுப்பு உடுப்பு நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் வந்து நில். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், கடதாசி ஒரு மயிரிழை ஆடினாலும் படத்தில் துடிக்கும். கொழும்பு வெக்கையில் குண்டு பல்ப் வைத்தால் பிளாஸ்டிசின் இளகி, பொம்மையின் கால் மடங்கும். எல்.ஈ.டி. விளக்கு வாங்கு, பொம்மைக்குள் அலுமினியக் கம்பி வை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விளக்கு, போனை நிறுத்தும் முக்காலி எல்லாம் விலை கேட்டு வாங்கலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

கமரா வேண்டும் என்று இப்போதே அடம்பிடிக்காதே. பின்னால் வாங்கும்போது, வெளிச்சம் புகும் துவாரத்தைக் கையால் திருப்பி வைக்கும் பழைய லென்ஸ் ஒன்றைத் தேடு. புதிய லென்ஸின் துவாரம் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது துளி வித்தியாசம் வரும், அதுவும் மினுங்கலாகத் தெரியும். பெரிய ஸ்டூடியோக்களில் ட்ராகன்பிரேம் என்ற மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள், இப்போதைக்கு அது போதும்.

சரி அம்மா, பாடத்தெரிவுக்கு வருவோம். உங்களுக்குப் பெரிய கவலை இதுதான்.

ஸ்டொப் மோஷனுக்கென்று உயர்தரத்தில் ஒரு துறை கிடையாது. ஆகவே, இதற்காக ஒரு துறையை விடவும் தேவையில்லை, பிடிக்கவும் தேவையில்லை. பிள்ளைக்கு விஞ்ஞானம் உண்மையிலேயே பிடித்து, நல்ல பெறுபேறும் வந்தால் பயோ எடுக்கட்டும். மாமா சொன்னார் என்பதற்காக மட்டும் எடுத்து, இரண்டு வருடம் டியூசனுக்கும் வீட்டுக்கும் அலைந்து, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதாமல் நிற்பதற்குத்தான் நான் பயப்படுகிறேன். கலைத்துறை என்றால் சித்திரம், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்ற சேர்க்கை பாடசாலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தொழில்நுட்பத் துறையையும் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் லைக்கா ஸ்டூடியோ 2009இல் வெளியிட்ட தன் முதல் முழுநீளப் படத்திலிருந்தே பொம்மைகளின் முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்து மாற்றி மாற்றி வைக்கிறது. கம்பியும் திருகாணியும் மோட்டாரும் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு.

பட்டப்படிப்பு என்று பார்த்தால், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்தை முதலில் சொல்வேன். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் படிக்க விரும்பினால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்கைநெறியும் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலை வாங்கி, தகைமை நிபந்தனைகளை நீங்களே வாசியுங்கள். பக்கத்து வீட்டார் சொல்வது இரண்டு வருடம் பழையதாக இருக்கும்.

தனியார் டிப்ளோமா பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை ஒரு வண்ணப் பிரசுரத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா, அந்தக் கற்கைக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை மட்டம் உண்டா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், சென்ற வருடம் படித்த பிள்ளைகள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் எடுத்ததைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள். காட்டத் தயங்கினால் வேறு கேள்வி வேண்டியதில்லை, எழும்பி வாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எளிய வேலைகள் சில போகும். பக்கற் சுழன்று நிற்பது போன்றவற்றை இப்போதே கணினியில் செய்து, ஸ்டொப் மோஷன் மாதிரித் தெரியச் சில பிரேம்களை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் கையால் செய்தது என்று காட்டுவதற்காகவே பணம் கொடுக்கும் வாடிக்கையாளரும் இருக்கிறார். பொம்மையைத் தாங்கிய கம்பியைப் படத்திலிருந்து அழிப்பது, நிறம் திருத்துவது, ஒலி சேர்ப்பது ஆகியவற்றையும் பிள்ளை கற்றுக்கொண்டால், ஸ்டொப் மோஷன் வேலை இல்லாத மாதத்திலும் எடிட்டிங், பொருட்களைப் படம் எடுத்தல் என்று கை சும்மா இருக்காது. தொடக்கத்தில் வருமானத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரும். இதைப் பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

காசு பேசத் தெரியாததால்தான் இந்தத் தொழிலில் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். பதினைந்து செக்கன்தானே என்று வாடிக்கையாளர் செக்கனைப் பார்த்து விலை பேசுவார். அந்தப் பதினைந்துக்கு 180 படம், அதற்கு முன்னால் செட் கட்டும் நாள், சோதித்துப் பார்க்கும் நாள், பின்னால் துப்புரவாக்கும் நாள் எல்லாம் இருக்கின்றன. நாள் கணக்கில் விலை சொல்ல வேண்டும். காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் என்று எழுதி, வாடிக்கையாளர் சரி என்று எழுத்தில் தந்த பிறகுதான் கமராவைத் தொட வேண்டும். எடுத்து முடித்த பிறகு "அந்தக் கரண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் வைத்திருக்கலாமே" என்றால் முழுவதும் திரும்ப எடுக்க வேண்டும். பாதிப் பணம் முற்பணமாக வாங்குவது வழக்கமாக இருக்கட்டும். சொந்தக்காரர் கடைக்குச் செய்தாலும் அப்படித்தான்.

பெண்பிள்ளை, இரவில் வேலை இருக்குமா என்ற கேள்வியைக் கடைசியாக, தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டியதில்லை, கேட்கவேண்டிய கேள்விதான். இருட்டறை வேலை என்பதால் பகலிலும் எடுக்கலாம், வீட்டிலேயே ஓர் அறையிலும் எடுக்கலாம். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். விளம்பர நிறுவனத்துக்கோ ஸ்டூடியோவுக்கோ போனால் முடிக்கும் திகதி நெருங்கும்போது இரவு நீளும், அது உண்மை. சேருவதற்கு முன்பே நேரம், வீடு திரும்ப வாகனம், கூட யார் வேலை செய்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுத் தெளிவாக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களோ அப்பாவோ கூடப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெறுபேறு வரும்வரை அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நெருப்புப் பெட்டிப் பயிற்சி முடிந்ததும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் விற்கும் ஏதாவது ஒரு பொருளுக்குப் பதினைந்து செக்கன் விளம்பரம் ஒன்றை, ஒலியோடு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகச் செய்யட்டும். முடித்தால் அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பாடத்தெரிவுப் படிவத்தை அப்போது சேர்ந்து நிரப்பலாம்.