ராணுவ அறிக்கைகளும் பூட்டிய அலமாரியும்

வணக்கம் சார். ராணுவத்தின் போர்த்திறனைக் கூட்டவும் செலவைச் சீராக்கவும் வழி சொன்ன ஷேகட்கர் குழுவின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்காதது தவறு என்று எழுதியிருந்தீர்கள். ராணுவ விஷயத்தைச் சபையில் வைத்தால் எதிரிக்குத்தானே லாபம்? ஐந்நூறு எம்.பி.க்கள் படித்தபிறகு அது என்ன ரகசியம்?
முத்துக்குமார், தஞ்சாவூர்

முத்துக்குமார், வணக்கம்.

எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. எந்தப் படை எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஆனால் கார்கில் சமயத்தில் நடந்ததைப் பாருங்கள். போர் முடிந்த மூன்றாம் நாளே, 1999 ஜூலை 29 அன்று, பாதுகாப்பு விவகார நிபுணர் கே. சுப்ரமணியம் தலைமையில் வாஜ்பாய் அரசு ஒரு குழு போட்டது. விசாரணைக் கமிஷன் சட்டப்படி அமைத்திருந்தால் அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் அதைச் சபையில் வைத்தாக வேண்டும். இது அப்படி அமைந்ததில்லை, சாட்சியை வரவழைக்கிற அதிகாரம்கூடக் கிடையாது, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் 2000 பிப்ரவரியில், பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். நம் உளவு அமைப்புகள் எங்கே கோட்டை விட்டன என்பதுகூட அதில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த அமைச்சர்கள் குழுவின் அறிக்கையும் 2001-இல் உளவு பற்றிய அத்தியாயம் இல்லாமல் வெளியானது.

ஷேகட்கர் விஷயத்தில் என்ன நடந்தது? 2016 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் போட்ட குழு, டிசம்பரில் அறிக்கை கொடுத்துவிட்டது. 2017 ஆகஸ்டில் அரசு சொன்னது, ராணுவம் தொடர்பான 65 பரிந்துரைகளை ஏற்கிறோம், சுமார் 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றுகிறோம் என்று. சரி, ஏற்காதவை எவை, ஏன் ஏற்கவில்லை? முழு அறிக்கை கையில் இல்லாத எம்.பி. இதை எப்படிக் கேட்பார்? பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்திக்கொண்டு மார்க்கை மட்டும் சொல்கிற கதைதான்.

எதிரிக்கு லாபம் என்கிற பேச்சை நான் அப்படியே நம்பாததற்குக் காரணம் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை. 1962-இல் சீனாவிடம் தோற்றது பற்றியது. 1963 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சவாண் சபையில் சாராம்சம் சொன்னதோடு சரி, அறிக்கையை வெளியிடவில்லை. 2014 மார்ச்சில் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதில் ஒரு பெரும் பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார், அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜெட்லி, இத்தனை வருஷம் இதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டார். அதே வருஷம் ஜூலையில், ஆட்சி மாறிப் பாதுகாப்பு அமைச்சரானதும், வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் சொன்னவரும் அவர்தான். காங்கிரஸ் ஆட்சியின் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணியும் 2010-இல் இதே பாட்டைத்தான் பாடினார்.

அப்புறம் அந்த ஐந்நூறு பேர். அத்தனை பேருக்கும் காட்ட வேண்டியதில்லை. பாதுகாப்புத் துறை நிலைக்குழு என்று ஒன்று இருக்கிறது, இரு அவைகளிலிருந்தும் 31 பேர், கூட்டங்கள் மூடிய அறையில்தான் நடக்கும். முதலில் அவர்களிடமாவது முழு அறிக்கையைக் கொடுக்கட்டும்.