லாரி வாங்குவதற்கு முன் லாரி ஓட்டட்டும்

கோத்தகிரி அருகிலிருந்து மகனைப் பற்றி எழுதிக் கேட்டிருந்த தாய்க்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பத்தொன்பது வயதுப் பிள்ளை லாரி ஓட்டுநராக ஆசைப்படுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுப்பான ஓட்டுநருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஆனால் கைவசமுள்ள ஒரு ஏக்கர் தேயிலையை அடமானம் வைத்து, பழைய லாரி ஒன்றை அவன் பெயரில் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் உரிமம். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது நிறைந்தால்தான் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். ஆகவே இன்று லாரி வாங்கினாலும் அதை ஓட்ட வேறொருவரைத்தான் அமர்த்த வேண்டும். அவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்தபின் தவணைக்கு என்ன மிஞ்சும்? அவசரப்பட்டு உரிய உரிமம் இல்லாமல் அவனே ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை வண்டியின் உரிமையாளரிடமிருந்தே திரும்ப வசூலிக்க நடவடிக்கை எடுக்கும். அந்த உரிமையாளர் தங்கள் மகனாகவே இருப்பான்.

உரிமம் வந்த பிறகும் வேலை உடனே அமைந்துவிடாது. பல லட்ச ரூபாய் வண்டியையும் அதற்கு மேல் மதிப்புள்ள சரக்கையும் ஒப்படைப்பவர், எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாய் என்று கேட்காமல் இருக்க மாட்டார். புதியவர்கள் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். நம் மலையிலோ இதற்கு வழி இருக்கிறது. தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை ஏற்றும் வண்டி, கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டி, குன்னூர்க் கிடங்குகளுக்குத் தேயிலைத் தூள் கொண்டு செல்லும் வண்டி என்று சிறிய சரக்கு வாகனங்கள் ஏராளம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருப்பதால், இருபது வயது நிறைந்ததும் அவன் அதில் தொடங்கலாம். பாரத்துடன் மலைப்பாதையில் இறங்கும்போது, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும், எதிரில் ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் கைப்பழக்கமாக்கிக்கொண்டவனைச் சமவெளி முதலாளிகளும் மதிப்பார்கள்.

அடுத்து பணம். லாரித் தொழிலில் மாதச் சம்பளம் வேறு, ஒவ்வொரு நடைக்கும், அதாவது சரக்குப் பயணத்துக்கும், கிடைக்கும் பேட்டா வேறு. பேட்டா என்பது வழியில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்குமான பணம். சரக்கு இறக்க இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால் அது அங்கேயே கரைந்துவிடும். அதையும் வருமானமாகக் கணக்கிட்டு வீட்டுச் செலவைத் திட்டமிடும் குடும்பம், நடை குறையும் மாதத்தில் முதலாளியிடம் முன்பணம் வாங்கத் தொடங்குகிறது. முன்பணம் நிலுவையில் இருக்கும்வரை அந்த ஓட்டுநரால் நல்ல வேலை வந்தாலும் மாற முடிவதில்லை. இதை நான் பல பிள்ளைகளிடம் கண்டு வருந்தியிருக்கிறேன். வீட்டுச் செலவு சம்பளத்துக்குள் அடங்கட்டும். இறக்கும்போது சரக்கின் அளவு குறைந்திருந்தால் யார் பொறுப்பு, சேமநல நிதி (பி.எஃப்.) பிடிக்கப்படுமா என்பவற்றை வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் உரிமத்தை எவரிடமும் பிணையாகக் கொடுக்கக் கூடாது.

சொந்த லாரியின் கணக்கு இதைவிடக் கடுமையானது. லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தேதி தவறாமல் வரும். அதோடு காப்பீடு, சாலை வரி, பர்மிட், டயர், டீசல், சுங்கக் கட்டணம், லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸுக்கான கமிஷன் ஆகியவையும் உண்டு. வண்டிக்கு எட்டு வயதாகிவிட்டால் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் பழுதுபார்க்கும் செலவும் சேரும், பழுதான நாட்களில் வருமானமும் நிற்கும். வாடகையில் ஒரு பகுதி முன்பணமாகவும் மீதி சரக்கை ஒப்படைத்துப் பல நாள் கழித்தும் வருவதால், கையிருப்பு இல்லாதவர் வட்டிக்கு வாங்கித்தான் டீசல் அடிப்பார். திரும்பும்போது லோடு இல்லாமல் வெறும் வண்டியாக வந்தால் போன நடையின் லாபமும் போய்விடும். பசுந்தேயிலை விலை ஏறி இறங்கும் அவதியைத் தாங்கள் அறிவீர்கள். அந்தத் தோட்டமே கடனுக்கு ஈடாகிவிட்டால் வேறு பிடிமானம் இருக்காது.

இரண்டு மூன்று ஆண்டுகள் அவன் சம்பளத்துக்கு ஓட்டட்டும். முறையான பயிற்சி வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியும், நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையமும் உள்ளன. கட்டணத்தையும் சேர்க்கைத் தேதியையும் நேரில் விசாரித்துவிட்டுச் சேர்க்கலாம். சம்பளத்துக்கு ஓட்டும் காலத்தில், ஒவ்வொரு நடைக்கும் டீசலுக்கு எவ்வளவு, சுங்கத்துக்கு எவ்வளவு, வாடகை எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓராண்டுக் கணக்கு சேர்ந்ததும் மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். லாரி வாங்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே பேசுவோம்.