ராணுவத்தில் 17 வருடம் முடித்து வருகிறேன். செக்யூரிட்டி வேலைக்குப் போகாமல் சின்ன ஊரில் சொந்தத் தொழில் தொடங்கினால் பிழைக்க முடியுமா?

தம்பி, முடியும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், கீழே நான் எழுதுவதைப் படித்துவிட்டு நீங்கள் பின்வாங்கிவிடக் கூடாது.

17 வருடம் என்றால் உங்களுக்கு வயது 36, 37 இருக்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு பக்கம், முன்னாள் படைவீரர்களுக்குச் செக்யூரிட்டி வேலை கொடுக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டெக்ஸ்கோவில் எழுதிப் போடச் சொல்வார்கள், இன்னொரு பக்கம் மச்சான் யாராவது "வர்ற பணத்தைப் போடுங்க மாமா, சேர்ந்து பண்ணலாம்" என்பார். டெக்ஸ்கோ வேலையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1986-லிருந்து அது எத்தனையோ முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, என்னோடு இருந்தவர்கள் பலர் அதில்தான் கௌரவமாக இருக்கிறார்கள். ஆனால் கேள்வி சொந்தத் தொழில் பற்றி, அதில் பட்டவன் நான், அதனால் எழுதுகிறேன்.

நான் ராணுவத்தின் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் எலக்ட்ரீஷியன். 1991-ல் சேர்ந்து 2015-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது காவிரி டெல்டாவில் ஒரு சின்ன டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். 1999-ல் கார்கில் சண்டையின்போது ஒரு பீரங்கி ரெஜிமென்ட்டோடு திராஸ் பக்கம் இருந்தேன். ஊரில் இதைச் சொன்னால் சிலர் "ரிப்பேர் பார்க்கப் போனவர்தானே" என்று கேட்கிறார்கள். பீரங்கி சுட்டால் எதிரி திருப்பிச் சுடுவது அந்தப் பீரங்கி நிற்கும் இடத்தைத்தான், அங்கே வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவனுக்கு அந்தக் குண்டு தனியாக வழிவிட்டுப் போகாது. அந்தப் பக்கம் ஸ்ரீநகர் லே நெடுஞ்சாலை மேலே டோலோலிங் மலையில் உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்குக் கீழேதான் இருந்தது. ஜூன் 13-ஆம் தேதி டோலோலிங் நம் கைக்கு வருவதற்கு முன்பெல்லாம் ராத்திரியில் விளக்கை அணைத்துத்தான் வண்டி ஓடும். ஏதாவது ஒரு வண்டி நடுவழியில் நின்றால் பின்னால் குண்டு ஏற்றி வரும் லாரி எல்லாம் நின்றுவிடும், அதனால் டார்ச் இல்லாமல், விரலால் தடவிப் பார்த்தே டீசல் லைனில் காற்று எடுப்போம். இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று பின்னால் தெரியும்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். சின்ன ஊரில் முன்னாள் ராணுவத்தான் கடை போட்டால் வேலை வராதோ என்று பயப்படாதீர்கள். வேலை தானாக வரும். "மிலிட்டரிக்காரர் கடை, ஏமாத்த மாட்டார்" என்று ஒரு பேர் முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது, அது வேறு யாருக்கும் கிடைக்காத சொத்து. பிரச்சினை எல்லாம் கூலி கேட்கும்போதுதான். அப்போது ஒரு வசனம் வரும்: "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார்."

இதை நான் கேட்காத மாதம் கிடையாது. டீக்கடைக்காரரிடம் யாரும் உனக்கு ஊரில் நிலம் இருக்கிறதே என்று சொல்லி டீக்குக் காசு கொடுக்காமல் போவதில்லை. நம்மிடம் மட்டும் சொல்வார்கள். அதுவும் இல்லாதவர் சொல்வதில்லை, இரண்டு போர்வெல், டிராக்டர், அறுவடை மெஷின் என்று வைத்திருப்பவர்தான் சொல்வார். பென்ஷன் நான் ஏற்கனவே செய்து முடித்த 24 வருட வேலைக்கு வருவது. இன்றைக்கு இந்த மோட்டாரில் கம்பி சுற்றியதற்கு அதில் ஒரு பைசா கிடையாது. இதை வாய் திறந்து சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஊருக்குத் தெரியாத இன்னொன்று, அந்தப் பென்ஷனும் நம் கைக்கு முழுசாக வருவதில்லை. கம்யூட்டேஷன் என்று பாதி வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை வாங்கிக்கொள்கிறோம், அது திரும்ப முழுசாக 15 வருடம் ஆகும். பெரும்பாலும் அந்த மொத்தத் தொகைதான் வீடாகவோ கடையாகவோ நிற்கிறது. 2015 நவம்பரில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் உத்தரவு டி.வி.யில் ஓடியபோது என்னிடம் பாக்கி வைத்திருந்த ஒருவர் தெருவில் நிறுத்தி "அரியர் லட்சக்கணக்கில் வந்திருக்குமே" என்று கேட்டார், பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த நிலுவை 2014 ஜூலைக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கு. நான் வந்ததோ 2015-ல். இதை அவருக்கு விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததுதான் எனக்கு வலித்தது. அதே மனிதர் கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சால்வை போர்த்துகிறார். 527 பேர் உயிர்விட்ட சண்டை அது, திருச்சி மேஜர் சரவணன் மே 29-ஆம் தேதி படாலிக்கில் வீரமரணம் அடைந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் அங்கே போகிறேன். சால்வைக்காக ஒருநாளும் போனதில்லை.

இப்போது வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ராணுவத்தில் கற்றது எங்கே கைகொடுக்கிறது என்பது அதில்தான் தெரியும். எங்கள் பக்கம் மோட்டார் எரிவதற்குப் பாதி காரணம், மூன்று பேஸ் வராத நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவது. பயிர் காய்கிறது, மனிதன் என்ன செய்வான், புரிகிறது. ஆனால் எரிந்த பிறகு நேராக என் கடைக்குத்தான் வருவார், "போன மாசம்தான் சுத்துன, அதுக்குள்ள போச்சு, ஓசியில சுத்திக் கொடு." அப்போது குரலை உயர்த்தினால் "பட்டாளத்தான் கோபக்காரன்" என்று ஊரே பேசும். அதனால் நான் பேசுவதே இல்லை. மூடியைக் கழற்றி, கம்பி சுற்றியிருக்கும் ஸ்டேட்டரை வெளிச்சத்தில் அவர் பக்கம் திருப்பி வைப்பேன். வரிசையாக இரண்டு காயில் கட்டு கரியாகி, வார்னிஷ் கொப்பளித்து, நூல் எல்லாம் பொசுங்கியிருக்கும். அதற்குப் பக்கத்துக் கட்டு நேற்றுச் சுற்றியதுபோலப் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்கும். சுற்றியது சரியில்லை என்றால் இப்படி முறை வைத்து எரியாது, ஒரு பேஸ் வராமல் ஓடினால்தான் இப்படி எரியும். அதைக் காட்டிவிட்டு ஜாப் கார்டை எடுப்பேன். வாங்கிய தேதி, கம்பி கேஜ், சுற்று, கொடுக்கும்போது மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) காட்டிய அளவு, வாங்கிப் போனவர் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். ஈ.எம்.இ.யில் ஜாப் கார்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டோம். அந்தப் பழக்கம்தான் இந்த ஊரில் என்னைக் காப்பாற்றியது. இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் நான் சொல்வதைத் திருத்தலாம், காயில்களை டெல்டா கனெக்‌ஷன் என்ற முறையில் இணைத்திருந்தால் எரியும் வரிசை மாறும் என்று எனக்கும் தெரியும், எளிமையாகச் சொல்கிறேன்.

பணத்துக்கும் அதேபோல ஒரு முறை வைத்தேன். கம்பி, பேரிங் விலை முன்கூட்டியே கையில் வந்தால்தான் பழைய சுற்றை வெட்டுவேன், பழைய செம்பின் எடையை அவர் கண் முன்னால் போட்டுக் கழித்துவிடுவேன். கூலி மட்டும் அறுப்புக்குக் கடன். சின்ன விவசாயி யாருக்கும் இதில் வருத்தமே இல்லை, அறுப்பு முடிந்ததும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்று அறிவித்தபோதுகூட அவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார்கள். பெரிய இடத்துப் பாக்கிதான் நிற்கும். நின்றால் அடுத்த மோட்டாரை உள்ளே எடுக்க மாட்டேன். "மிலிட்டரிக்காரருக்குக் காசு ஆசை" என்று பேசினார்கள். பேசட்டும். செம்புக் கம்பிக் கடைக்காரர் என் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்துக் கம்பி கொடுப்பதில்லை.

கஜா புயல் பற்றி எழுதாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடிகாலை கரையைக் கடந்தது, எங்கள் பக்கம் தென்னை போனதும் கம்பங்கள் சாய்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற வழியில்லை. கல்யாண மண்டபத்தில் சும்மா கிடந்த ஜெனரேட்டரைத் தூக்கி டிராக்டரில் வைத்துக்கொண்டு வந்தார்கள், ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. சாயங்காலம், மழை, செல்போன்களில் சார்ஜ் இல்லை, வெளிச்சம் என்று ஒன்றுமில்லை. டேங்க்கைக் கவிழ்த்துத் துடைத்து வேறு டீசல் ஊற்றி, ஃபில்டர் மேலே உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பிரைமிங் பம்ப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இன்னொரு விரலை அந்தப் போல்ட் ஓரத்தில் வைத்திருந்தேன். முதலில் நுரை வரும், விரலில் பொடிப்பொடியாகத் தெரியும். அப்புறம் விட்டுவிட்டு வரும். கடைசியில் கனமாக, குளிர்ந்து, ஒரே சீராக வரும்போது போல்ட்டை இறுக்கிவிட வேண்டும். இறுக்கினேன், பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையன் "கண்ணு தெரியாம எப்படிண்ணே பண்ணீங்க" என்றான். திராஸில் கற்றது என்று சொன்னேன். அந்த நேரம் நெஞ்சு நிறைந்திருந்தது, மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு ஊர் ஊராக ஜெனரேட்டர் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்த சிலர் ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் வழக்கமான கூலிதான் வாங்கினேன், குடிதண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் வாங்கவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இலவசமாக எதைச் செய்வது என்று நான் முடிவு செய்தேன், என் பென்ஷனைக் காட்டி வேறு ஒருவர் முடிவு செய்யவில்லை. அந்த நவம்பருக்குப் பிறகு என்னிடம் பென்ஷன் வசனம் பேசுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. "மிலிட்டரி சரக்கு", அதாவது ராணுவக் கேன்டீன் மது. நீங்கள் ஊருக்கு வந்து பெட்டியை இறக்கும் முன்பே கேட்பார்கள். சொந்தக்காரர், கடைக்கு இடம் கொடுத்தவர், ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டியவர், எல்லோரும். என் பொண்ணு நிச்சயத்துக்கு அழைக்கப் போன வீட்டில், உட்காரச் சொல்லுமுன் "பாட்டில் உண்டுல்ல?" என்று கேட்டார்கள், பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. கேன்டீன் கார்டு எனக்கும் என் குடும்பத்துக்கும் கொடுத்தது, வெளியில் விற்றாலோ தவறாகப் பயன்படுத்தினாலோ கார்டே போய்விடும். நான் குடிப்பதும் இல்லை. அப்படிச் சொன்னால் "மிலிட்டரிக்காரன் குடிக்க மாட்டானா" என்று சிரிக்கிறார்கள். 24 வருடம் எல்லையில் நின்றவனைப் பார்த்தால் நினைவுக்கு வருவது இதுதானா? படிப்பவர்களில் யாராவது இப்படிக் கேட்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொத்தத் தொகையில் கை வைக்காமல் தொடங்க வழி இருக்கிறது. பி.எம்.ஈ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் திட்டக் கடனில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருகிறோம், நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2024 சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்த காக்கும் கரங்கள் திட்டமும் இருக்கிறது, 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். அதற்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போக வேண்டும். "ராணுவத்தானுக்கு எல்லாமே மானியம்தான்" என்று யாராவது சொல்ல வருவீர்கள் என்று தெரியும். இது கடன், தவணை கட்ட வேண்டும், கட்டவில்லை என்றால் வங்கி ராணுவத்தான் என்று பார்ப்பதில்லை.

மச்சானோடு கூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் பென்ஷன் வரும் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒரே வங்கிப் புத்தகத்தில் வைக்காதீர்கள். பென்ஷன் வீட்டுக்கு. கடை வாடகையும் சரக்கும் கடை சம்பாதித்துக் கட்டட்டும், கட்ட முடியவில்லை என்றால் அது ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், இரண்டையும் கலந்து வைத்தால் வருடக்கணக்கில் தெரியாது.

இன்னும் யூனிட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் வெளியே வரும் முன் தொழில் கற்றுக்கொடுக்கும் ரீசெட்டில்மென்ட் கோர்ஸுக்கு இப்போதே பேர் கொடுங்கள், 24 வாரம் வரை உள்ளவை இருக்கின்றன, வெளியே வந்த பிறகு சம்பளத்தோடு யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் பேர், பிறந்த தேதி, மனைவி பெயர் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று கிளர்க்கிடம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் ஃபைல் நின்றுவிடும். ராணுவத்தில் உங்கள் டிரேடு, அதாவது நீங்கள் பார்த்த வேலை என்ன என்று எழுதவில்லையே. அதைச் சொன்னால், எங்கள் பக்கம் அந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.