அப்ரூவலில் 2027, லைசென்ஸில் 2026

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். எச்-1பி வேலை விசாவுக்கான அப்ரூவல் 2027 செப்டம்பர் வரை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள விசாவிலும் அதே தேதிதான். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் 2026 நவம்பர் 14 வரைக்கும்தான் கொடுத்தார்கள். கவுண்டரில் தப்பாக அடித்துவிட்டார்களா? 250 டாலர் கொடுத்தால் தேதியை மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கவுண்டரில் இருப்பவரே நினைத்தாலும் அந்தத் தேதியை மாற்ற முடியாது. உங்கள் விவரம் சேவ் என்ற மத்திய அரசின் சரிபார்ப்புக்குப் போகும்; அங்கிருந்து வரும் தேதிதான் கார்டில் ஏறும். அது விசா தேதி அல்ல, ஐ-94 தேதி. விசா வாசல் வரை வருவதற்கு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது, நுழையும்போது பதிவாகும் ஐ-94.

இப்போது உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, அது என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். அநேகமாக 2026 நவம்பர் 14 என்றே இருக்கும். கடைசியாக ஊருக்குப் போய்த் திரும்பியபோது, விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94-ஐயும் நிறுத்தியிருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உண்மையில் லைசென்ஸ் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. அப்ரூவல் தாளை நம்பி அந்தத் தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம்.

ஐ-94-ஐ அரசின் இணையதளத்தில் பார்க்கக் காசு கிடையாது. தளத்தின் முகவரி டாட் கவ் (.gov) என்று முடிய வேண்டும்; தேடலில் மேலே விளம்பரமாக நிற்கும் டாட் காம் தளங்கள் இலவசத்துக்குக் கட்டணம் வாங்குபவை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும் நம் ஆட்களுக்கு "பதிவு இல்லை" என்று வரும். பதற வேண்டாம். விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள்: முழுப் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில், முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்).

ஒரு விலக்கு இருக்கிறது, இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே எச்-1பி நீட்டிப்பு கிடைத்திருந்தால், ஐ-797ஏ என்ற அப்ரூவல் தாளின் அடியில் கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டாகப் புது ஐ-94 ஒட்டியிருக்கும். தளம் அதைக் காட்டாது. பழைய நுழைவுத் தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது அந்தத் துண்டுதான் கணக்கு. ஆனால் அந்தத் தாள் வந்த பிறகு வெளிநாடு போய்த் திரும்பியிருந்தால், துண்டு செல்லாது, விமான நிலையத்தில் கொடுத்ததுதான் செல்லும். எது கடைசியாக வந்ததோ அது. தாளில் தேதி நீளமாக இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கதை இந்த இரண்டாவது வகை.

சரிசெய்ய முதலில் பாஸ்போர்ட். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கலாம். புதியது கைக்கு வந்ததும் இரண்டு வழி. ஒன்று, விமானத்தில் வெளியே போய் வருவது. புது பாஸ்போர்ட், விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட், ஐ-797 மூன்றையும் நீட்டுங்கள். புதியது மேலே இருக்கட்டும். பெட்டி வரும் பெல்ட் பக்கம் நிற்கும்போதே போனில் ஐ-94-ஐப் பாருங்கள். 2027 வராவிட்டால் அங்கேயே கேட்டுவிடலாம். மெக்சிகோ, கனடா எல்லையைக் காரில் கடந்து வந்தால், புது ஐ-94 வேண்டும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழையதிலேயே உள்ளே விட்டுவிடுவார்கள், போன காரியம் வீண்.

இன்னொன்று, பயணமே வேண்டாம் என்றால், நவம்பர் 14-க்கு முன் கம்பெனி ஐ-129 என்ற மனுவைப் போட்டு நீட்டிக்க வேண்டும். சீக்கிரம் பார்ப்பதற்கான கூடுதல் கட்டணமான பிரீமியம் கட்டினால் 15 வேலை நாளில் பதில். கட்டாமல் விட்டால் வருவது ஒரு கூத்து: மனு நிலுவையில் இருக்கும்போது 240 நாள் வரை வேலை பார்க்கலாம், ஆனால் அந்த ரசீதை லைசென்ஸ் அலுவலகம் ஏற்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏற்காவிட்டால், வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டிக்கொண்டு போக முடியாது! பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊர்ப்புறங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ.

திரும்பி வந்த மறுநாளே லைசென்ஸ் கொடுக்கும் டிபிஎஸ் அலுவலக வாசலில் நிற்காதீர்கள். கணினிகளுக்குள் தகவல் ஏற ஒரு பத்து நாள் விடுங்கள். அப்படியும் பொருந்தவில்லை என்றால் கை வேலையாகச் சரிபார்க்க அனுப்புவார்கள். அது எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சேவ் எண்ணைக் கேட்டு வாங்கினால், நிலையை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்ட நாளுக்கு "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" விற்பவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். அது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே, லைசென்ஸ் கொடுத்த நாடுதான் அதையும் கொடுக்க முடியும். இந்திய லைசென்ஸுக்கு நம் ஆர்டிஓதான்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இன்றைக்கே பாருங்கள். உங்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஐ-94. சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதால், முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அவர்களுடையது. பிள்ளைக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால் எந்தக் கவுண்டரும் உங்களுக்குச் சொல்லாது.