டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் வேண்டுமா? அமெரிக்க வங்கிக் கணக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் புதிதாகக் கணக்கு தொடங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சார், படிக்க வந்திருக்கிறேன். கணக்கு திறக்கும்போது "கார்டு செலவுகளுக்கு ஓவர்டிராஃப்ட் வேண்டுமா?" என்று கேட்டார்கள். என்ன சொல்ல?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. ஓவர்டிராஃப்ட் என்றால், கணக்கில் இருப்பதைவிட அதிகம் செலவானால் குறையும் தொகையை வங்கியே கடனாகப் போட்டுச் செலுத்துவது. வேண்டும் என்றால், கணக்கில் பணம் இல்லாதபோதும் வங்கி கார்டை ஏற்றுக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமும் போடலாம். பல வங்கிகளில் அது 35 டாலர் அளவில் இருக்கிறது. 6 டாலர் காபிக்கு 41 டாலர் போகும். வேண்டாம் என்றால் கடையில் கார்டு செல்லாது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் சங்கடமாக இருக்கும், பணம் போகாது.

2010இல் இருந்து, உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஏடிஎம்மில் எடுப்பதற்கும் ஒருமுறை கார்டு செலவுக்கும் இந்தக் கட்டணத்தை வாங்க முடியாது. நீங்கள் பேசாமல் இருந்தாலே வேண்டாம் என்றுதான் அர்த்தம். மறுத்ததற்காகக் கணக்கின் மற்ற வசதிகளைக் குறைக்கவும் கூடாது.

கேள்வி: மறுத்துவிட்டேன். ஆனாலும் வாடகைச் செக் போன அன்று கட்டணம் பிடித்துவிட்டார்களே?

பதில்: பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் ஏடிஎம்முக்கும் ஒருமுறை கார்டு செலவுக்கும் மட்டும். செக், கணக்கிலிருந்து தானாகப் போகும் மின்கட்டணம், மாதாமாதம் கார்டில் கழியும் சந்தா எதுவும் இதில் சேராது. அவற்றை வங்கி தன் விருப்பப்படி செலுத்திவிட்டுக் கட்டணம் கேட்கலாம். அதனால் வாடகை போகும் தேதியைச் சம்பளம் வரும் தேதிக்குப் பின்னால் தள்ளி வைக்கப் பாருங்கள். இருப்பு குறைந்தால் குறுஞ்செய்தி வரும்படியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் போட்டபோது இருப்பு இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கணக்கு மைனஸ்.

பதில்: பங்க்கில் முதலில் ஒரு தொகைக்குத்தான் அனுமதி வாங்குவார்கள். உண்மையான தொகை பிறகுதான் கழியும். சாப்பாட்டுக் கடையில் டிப்ஸ் சேரும்போதும் இதே கதைதான். நடுவில் வேறு செலவு வந்து இருப்பைக் காலி செய்திருக்கும். நீங்கள் ஒப்புதல் தராதவர் என்றால், இந்தக் கார்டு செலவு கணக்கை மைனஸ் ஆக்கினாலும் அதற்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்கக் கூடாது. மைனஸ் தொகையை மட்டும் கட்டினால் போதும். கட்டணம் போட்டிருந்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்கு உதவுமே அண்ணா? மருந்து வாங்கும்போது கார்டு செல்லாவிட்டால்?

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு மலிவான வழி இருக்கிறது. சேமிப்புக் கணக்கைச் செக்கிங் கணக்கோடு (அன்றாடச் செலவுக்கான கணக்கு) இணைக்கச் சொல்லுங்கள். குறையும்போது அங்கிருந்து பணம் வரும். பல வங்கிகள் இதற்கு இப்போது கட்டணம் வாங்குவதில்லை. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் ஆராய்ந்தபோது, டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பாலானவை 24 டாலரோ அதற்குக் குறைவாகவோ இருந்த செலவுகளுக்குப் போடப்பட்டவை என்று தெரிந்தது. பெரும்பாலோர் மூன்று நாளுக்குள் கடனை அடைத்தும் விட்டார்கள். மூன்று நாளுக்கு 24 டாலர் கடன், அதற்கு 34 டாலர் கட்டணம் என்றால் ஆண்டு வட்டி 17,000 சதவீதத்தைத் தாண்டுகிறது! கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்கமாட்டார்.

கேள்வி: எல்லா வங்கியிலும் இதே கட்டணமா?

பதில்: இல்லை. கேபிடல் ஒன், சிட்டி இரண்டும் 2022இல் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே ஆண்டு 35இலிருந்து 10 டாலராகக் குறைத்தது. பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் வரம்பு வைத்து 2024 டிசம்பரில் வந்த விதியை 2025இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்துவிட்டது. ஆகவே கணக்கு திறக்கும் முன் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. அவர் சரி என்று சொல்லியிருக்கிறார். நான் ரத்து செய்யலாமா?

பதில்: தாராளமாக, எப்போது வேண்டுமானாலும். கூட்டுக் கணக்கில் ஒருவர் தந்த ஒப்புதல் இருவருக்கும் பொருந்தும், ஒருவர் ரத்து செய்தாலும் அப்படியே. வங்கியின் செயலியில் பாருங்கள், இல்லையென்றால் போனில் சொல்லுங்கள். வீட்டிலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கார்டு செல்லாமல் போகும்போது அவர் திகைக்காமல் இருக்க.