மரப்பாச்சியின் மூக்கில் பஞ்சு: வாசகர் கேள்வி பதில்

(திருச்சியில் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சிகிச்சை, அதாவது விளையாட்டின் வழியே மனநலச் சிகிச்சை, அளித்துவரும் உளவியலாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நான்கு மாதங்களுக்கு முன் என் மாமனார் காலமானார். அன்றிலிருந்து மகன் பொம்மையைத் தரையில் கிடத்தித் துணியைப் போர்த்துகிறான், வாயாலேயே சங்கு ஊதுகிறான், தங்கையை அழச் சொல்கிறான். "வீட்டுக்குள் இழவு விளையாட்டா!" என்று மாமியார் பொம்மைகளை எல்லாம் பரண்மேல் போட்டுவிட்டார். இது மனநோயின் அறிகுறியா?
*– வாசகி, கும்பகோணம்*

பதில்: இல்லை அம்மா. முதலில் பரணிலிருந்து பொம்மைகளை இறக்குங்கள்.

அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம் இருந்திருக்கும். அவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள், அல்லது யாராவது கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள். "தாத்தா சாமியிடம் போய்விட்டார்" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பீர்கள். அவன் கண்ட காட்சிகளுக்கும் கேட்ட அந்த ஒரு வரிக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத்தான் விளையாடி விளையாடித் தூர்த்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் நானும் துக்கத்தைப் பத்துப் பேரிடம் பேசிக் கரைக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு சொற்கள் கைவசம் இல்லை, பொம்மைகள்தாம் இருக்கின்றன.

என் அறைக்கு வந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். (இந்தப் பக்கத்தில் வரும் குழந்தைகள் எவரையும் அடையாளம் காண முடியாதபடி, ஊரையும் உறவையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) தாத்தா இறந்த பிறகு அவள் இரவில் தூங்கவில்லை. என் அறையில் ஒரு ஜோடி மரப்பாச்சி உண்டு. வந்த முதல் நாளே அதில் ஆண் பொம்மையை எடுத்து மணலில் புதைத்தாள். அடுத்த வாரமும் புதைத்தாள். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "மூடிவிட்டாய்… முகம்கூடத் தெரியவில்லை" என்று, பார்த்ததை மட்டும் சொன்னேன். ஐந்தாவது வாரம் மருத்துவர் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பஞ்சு எடுத்தாள். சிறிது கிள்ளி உருட்டி மரப்பாச்சியின் மூக்கில் ஒட்ட வைக்கப் பார்த்தாள். மரப்பாச்சிக்கு மூக்குத் துவாரம் ஏது? நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒட்டினாள். பிறகு அவசர அவசரமாகப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி ஒட்டினாள், மறுபடி பிடுங்கினாள். அன்று இருபது தடவையாவது செய்திருப்பாள். கடைசியில் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "மூக்கை அடைத்தால் தாத்தா எப்படி மூச்சு விடுவார்?"

தாத்தாவின் மூக்கில் பஞ்சை வைத்தவர் அவளுடைய அப்பா. அப்பாவைப் பக்கத்தில் படுக்கவிடாமல் இரண்டு மாதங்களாக அவள் அழுததற்குக் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மூச்சு நின்ற பிறகுதான் பஞ்சு வைத்தார்கள், செத்துப்போன உடம்புக்கு மூச்சு தேவையில்லை, வலிக்காது என்று அவள் அம்மா மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "சாமியிடம் போனார்" என்பதை விட்டு, "செத்துப்போனார்" என்ற சொல்லையே சொன்னார். அதன் பிறகும் இரண்டு வாரம் மரப்பாச்சியைப் புதைத்தாள். ஆனால் பக்கத்தில் சொப்பு டம்ளரில் தண்ணீர் வைத்தாள். பிறகு சமையல் விளையாட்டுக்குப் போய்விட்டாள்.

உங்கள் மகனிடமும் நடந்ததைச் சிறு சொற்களில், நேராகச் சொல்லுங்கள். எது எப்போது கவலைக்குரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் பூமிக்குள் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் தப்பி வந்துவிட்டார்கள். பிறகு அந்தக் குழந்தைகளைச் சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களுடைய விளையாட்டில் ஒன்றைக் கவனித்தார். ஒரே காட்சி, ஒரே முடிவு, முகத்தில் சிரிப்பே இல்லை, விளையாடி முடித்தாலும் பதற்றம் குறையவில்லை. உங்கள் மகனின் விளையாட்டில் வாரத்துக்கு வாரம் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். புதிதாக ஓர் ஆள் வருகிறாரா, பொம்மை எழுந்து உட்காருகிறதா, நடுவில் சிரிக்கிறானா? மாறினால் வேலை நடக்கிறது. மாறாமல் இறுகியே இருந்தாலோ, தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வந்தாலோ குழந்தை மனநல நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவரைப் பறிகொடுத்து நான்கே மாதங்கள் ஆனவருக்கு அந்தச் சங்கொலி மறுபடி காதில் விழுந்தால் எப்படி இருக்கும்! விளையாட்டை மாடிக்கு மாற்றுங்கள். அது அவருக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

கேள்வி: என் பேரனை வாரம் ஒரு முறை விளையாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். பணம் கட்டி விளையாட வேண்டுமா? நாங்கள் தெருவில்தானே விளையாடினோம்?
*– வாசகர், தேவகோட்டை*

பதில்: தெருவிலும் விளையாடட்டும் ஐயா, அது வேறெங்கும் கிடைக்காது. ஆனால் தெருவில் தோற்றால் ஆட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும், அழுதால் கேலி. இங்கே முக்கால் மணி நேரம் ஒரு பெரியவர் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். திருத்த மாட்டார், அவசரப்படுத்த மாட்டார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மாணவியாக இருந்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வகுத்துக்கொடுத்த எட்டு நெறிகளில் இதுவும் அடக்கம்: வழியைக் குழந்தை காட்டும், சிகிச்சையாளர் பின்னால் போவார்.

அப்படியென்றால் எது செய்தாலும் விட்டுவிடுவார்களா என்று கேட்பீர்கள். மாட்டோம். ஒரு பையன் மரச்சுத்தியை என் மேல் ஓங்கினான். "உனக்கு என் மேல் கோபம். நான் அடி வாங்குவதற்கு இல்லை. அந்தத் தலையணையை அடிக்கலாம்" என்றேன். கோபத்தைத் தடுக்கவில்லை, அடியைத் தடுத்தேன். வெளிநாட்டு அறைகளில் குத்தினால் சாய்ந்து எழும் காற்றுப் பொம்மை வைத்திருப்பார்கள். என்னிடம் தஞ்சாவூர் ராஜா பொம்மை இருக்கிறது. அடிக்கனம் இருப்பதால் எத்தனை முறை தள்ளினாலும் எழுந்துவிடும். முதலில் ஓங்கித் தள்ளும் பிள்ளைகள், போகப்போக அது எழுந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே மெதுவாகத் தள்ளுகிறார்கள்.

கேள்வி: மகள் உள்ளே என்ன விளையாடினாள் என்று கேட்டால் சிகிச்சையாளர் சொல்ல மறுக்கிறார். அப்பாவுக்கு உரிமை இல்லையா?
*– வாசகர், சேலம்*

பதில்: அவள் எப்படி இருக்கிறாள், எதில் முன்னேற்றம், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லாம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஆனால் எந்தப் பொம்மை எந்தப் பொம்மையை அடித்தது என்பதை அவர் சொல்லக் கூடாது. இரவு சாப்பாட்டின்போது நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாலே போதும், அந்த அறை அவளுக்கு முடிந்துபோகும்.

இந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நாங்கள் மௌனமாக இருக்க மாட்டோம். பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இது எங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: முதுகலை உளவியல் முடித்திருக்கிறேன். இரண்டு நாள் பயிற்சியில் விளையாட்டுச் சிகிச்சைக்குச் சான்றிதழ் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். அதை முடித்துத் தொழில் தொடங்கலாமா?
*– வாசகி, கோவை*

பதில்: வேண்டாம் மா. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், இதில் அடிபடப் போவது குழந்தை.

அமெரிக்காவில் 1982-இல் சார்லஸ் ஷேஃபர், கெவின் ஓ'கானர் இருவரும் தொடங்கிய விளையாட்டுச் சிகிச்சைச் சங்கத்தில் பதிவுபெற, மனநலத் துறையில் முதுகலையும் உரிமமும் வைத்திருப்பவர்கூட 150 மணி நேரம் பாடம் படித்து, 350 மணி நேரம் மேற்பார்வையின்கீழ்ப் பணி செய்ய வேண்டும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும். 'விளையாட்டுச் சிகிச்சையாளர்' என்ற பெயருக்கு அப்படிச் சட்டப் பதிவு கிடையாது. வாசலில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால்தான் நமக்கு நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேற்பார்வை எதற்கு என்பதை என் முதல் ஆண்டில் கற்றுக்கொண்டேன். என்னிடம் மணல் தட்டு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், மணலை விலக்கினால் தண்ணீர்போல் தெரிவதற்காக உள்ளே நீல வண்ணம் அடித்திருக்கும். லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1920-களின் இறுதியில் தன் சிகிச்சையகத்தில் தொடங்கிய முறை இது: குழந்தை மணலில் சிறு பொம்மைகளை வைத்துத் தனக்குத் தோன்றும் காட்சியை அமைக்கும். தட்டில் தாங்கள் அமைப்பதற்கு 'உலகம்' என்று பெயர் வைத்தவர்கள் அங்கு வந்த குழந்தைகள்தாம். என்னிடம் வந்த பையன் ஒருவன் அந்தத் தட்டில் ஒரு முதலையையும் கன்றுக்குட்டியையும் வைத்து, நடுவே தீக்குச்சியால் வேலி கட்டிக்கொண்டிருந்தான். வேலி அடிக்கடி சாய்ந்தது. பொறுமையாக நிமிர்த்திக்கொண்டே இருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இந்த முதலை உன் அப்பாவா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. உள்ளங்கையால் மணலை ஒரே சீராகத் தடவிச் சமமாக்கினான். அதன் பிறகு மூன்று வாரம் தட்டுப் பக்கமே வரவில்லை. கேரம் காய்களை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தான்.

என் மேற்பார்வையாளர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "முதலை யார் என்று தெரிந்துகொள்ள வேண்டியது அவனுக்கா, உனக்கா?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றும் ஒரு குழந்தை எதையாவது புதைக்கும்போது, கேள்வி நாக்கு நுனிவரை வரும். அந்தக் குரல் வந்து நிறுத்திவிடும். அவரும் இல்லாமல், சக சிகிச்சையாளர்களும் இல்லாமல் தனியாக இருந்திருந்தால், நான் சரியாகத்தான் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது நாங்கள் ஐந்து பேர் மாதம் இரண்டு முறை கூடுகிறோம். பெயரைச் சொல்லாமல் தவறுகளை மேசைமேல் வைக்கிறோம். சில நாள் சண்டையும் வரும். நீங்களும் முதலில் அப்படி ஒரு வட்டத்தைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இப்படி யாருமே இல்லை. மகள் பள்ளியில் யாரிடமும் பேசுவதில்லை. நானே ஏதாவது செய்யலாமா?
*– வாசகி, உசிலம்பட்டி*

பதில்: செய்யலாம். அமெரிக்காவில் பெர்னார்ட் – லூயிஸ் கெர்னி தம்பதி 1960-களிலேயே பெற்றோருக்கு விளையாட்டுச் சிகிச்சை முறையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், அரை மணி. தொலைபேசியை அணைத்து வேறு அறையில் வையுங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் சொப்பு, களிமண், இரண்டு மூன்று பொம்மைகள், வண்ணப் பென்சில், ஒரு பழைய துண்டு. அந்தப் பெட்டி அந்த அரை மணிக்கு மட்டும். அவள் செய்வதைச் சொல்லுங்கள்: "உருட்டுகிறாய்… இன்னும் பெரிதாக வேண்டும் உனக்கு." கற்றுக்கொடுக்காதீர்கள், "என்ன நிறம் இது?" என்று கேட்காதீர்கள், "அழகு" என்றும் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு வாரம் உங்களுக்குக் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

அவள் வீட்டில் நன்றாகப் பேசி, பள்ளியில் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தால், மதுரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். காது கேட்பதையும் சோதித்துவிடுங்கள். பத்து வாரம் ஆனதும் எனக்கு எழுதுங்கள். பெட்டியில் அவள் முதலில் எடுத்தது எது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.